கிணற்றுக்குள் ஒரு குடிக்கணக்கு

அறியாமைக்கு உவமை வேண்டும்போதெல்லாம் நாம் கிணற்றுத் தவளையைத் துணைக்கு அழைக்கிறோம். கிணறு சிறியது, மூடுண்டது, அதற்குள் இருப்பதற்கு உலகம் தெரியாது என்னும் நம்பிக்கை அந்த உவமைக்கு அடியில் கிடக்கிறது. நிலநூலார் சொல்வது வேறு. தரைக்குக் கீழே பரந்து கிடக்கும் நீர்வெளியில் நாம் போட்ட ஒரு துளைக்குத்தான் கிணறு என்று பெயர். அந்த நீர்வெளியில் பகல் என்பதையே அறியாத உயிர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றன. அவை எத்தனை என்று யாராவது கேட்டால் எப்படி விடை சொல்வது? மரபணுவைக் கொண்டு விடை தேடும் முயற்சிகள் உலகில் பல இடங்களில் நடந்து வருகின்றன. அந்த விடை எந்த வகையைச் சேர்ந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், தென்காசி, குற்றாலம் பக்கத்தில் வாழும் நமக்கு அதில் என்ன பங்கு என்பன பற்றி எனக்குத் தோன்றியதை எழுதலாம் என்றிருக்கிறேன்.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவன். உயிரியல் என் துறையன்று. ஆயினும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது என் தொழில். இங்கே நான் பொருள் கேட்க விரும்பும் சொல் 'தொகை'.

முதலில் மலைக்கு அப்பால் நடந்ததைப் பார்ப்போம். 1950-இல் கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த ஒரு கெளுத்தி மீனை மேனன் என்னும் ஆய்வாளர் விவரித்து, ஹோராக்ளானிஸ் கிருஷ்ணை என்று பெயரிட்டார். அதற்குக் கண் இல்லை. தோலில் நிறமும் இல்லை. தோல் வழியே குருதி தெரிவதால் சிவந்து காணப்படும். நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது. 2004-இல் அதன் உறவினம் ஒன்றும், 2012-இல் அப்துல் கலாமின் பெயர் தாங்கிய இன்னொன்றும் விவரிக்கப்பட்டன. பிறகு ஆய்வாளர் சிலர் ஆறாண்டுக் காலம் கேரளத்தின் ஊர்களில் அலைந்தார்கள். வலையைவிட ஊராரின் கண்களே அவர்களுக்கு அதிகம் உதவின. கிணறு வெட்டும்போதோ, இறைத்துத் தூர் வாரும்போதோதான் இம்மீன் வெளியே வரும். அப்போது அருகில் இருப்பவர் வீட்டுக்காரர்தானே! இவ்வாறு 47 புதிய இடங்களும் 65 புதிய மரபணு வரிசைகளும் சேர்ந்தன. நான்காவதாக ஓர் இனமும் தெரியவந்தது. உதவிய பொதுமக்களை நினைத்து, 'மக்களுடைய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்கு ஹோராக்ளானிஸ் பாப்புலி என்று பெயர் வைத்தார்கள். ஆய்வு 2023-இல் வெளியாயிற்று.

அந்த ஆய்வின் முடிவுகளில் இரண்டு இங்கே நமக்கு வேண்டும். ஒன்று, இம்மீன்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. மரபணுவிலோ வெகுதூரம் விலகி நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏழு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு இனங்களுக்கிடையே உள்ளது. இரண்டு, அவற்றின் தொகை அண்மைக் காலத்தில் பெருகியதற்கான தடயம் மரபணுவில் இல்லை. ஒரு மீனின் உடலில் ஊசிமுனையளவு சதையை எடுத்து, அதன் குலம் பெருகியதா இல்லையா என்று சொல்ல முடிவதே வியப்புக்குரியது. எப்படிச் சொல்கிறார்கள்?

வழக்கமான எண்ணும் முறையை முதலில் நினைவுகூரலாம். குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன். அவனுக்குப் பிடித்ததே கணக்கு. உயிரியலார் அதில் ஒரு நுட்பம் சேர்த்தார்கள். ஒரு குளத்தில் ஐம்பது மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து நாற்பது மீன்களைப் பிடியுங்கள். அவற்றுள் பத்து மீன்களில் உங்கள் அடையாளம் இருந்தால், குளத்தில் நாலில் ஒரு மீன் அடையாளம் பெற்றது என்று பொருள். ஆகவே மொத்தம் ஏறத்தாழ இருநூறு. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அடையாளமிட்ட மீன்கள் மற்றவற்றோடு நன்கு கலந்திருக்க வேண்டும், திரும்பவும் அகப்பட வேண்டும். நிலத்தடி நீரில் இது எடுபடுவதில்லை. கிணற்றின் வாய்க்கு வந்துபோகும் மீன் அடுத்து எந்தப் பாறையிடுக்குக்குள் போனது என்று யாரறிவார்? அங்கே நம் கை எட்டாது.

மரபணு இங்கேதான் உதவிக்கு வருகிறது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்றொரு உறுப்பு உண்டு. அதிலுள்ள மரபணு விலங்குகளில் பெரும்பாலும் தாய்வழியே இறங்கும். நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே குடும்ப உரிமை தாய்வழியில் போயிற்று. கவிமணி அதைப் பற்றி மான்மியமே பாடினார். ஓர் ஊரில் தாய்வழி இறங்கும் வீட்டுப்பெயர்கள் நூறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண் பிள்ளை இல்லாத வீட்டின் பெயர் அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். சிற்றூரானால் சில தலைமுறைகளுக்குள் ஒன்றிரண்டு பெயர்களே எஞ்சும். பேரூரில் பெயர்கள் நீடிக்கும். புதுப் பெயர்களும் அவ்வப்போது கிளைக்கும். ஆகவே ஊரை எண்ணாமலே, இன்று வழங்கும் வீட்டுப்பெயர்களின் பன்மையை மட்டும் பார்த்து, அந்த ஊர் வெகுகாலம் பேரூராய் இருந்ததா சிற்றூராய் இருந்ததா என்று ஊகிக்கலாம். மரபணுவில் காணப்படும் வேறுபாடுகளே இந்த வீட்டுப்பெயர்கள். அவற்றை மரபணு அடையாளங்கள் என்கிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் எண்ணுக்குச் சூவல் ரைட் என்னும் அமெரிக்க மரபியலறிஞர் 1931-இல் இலக்கணம் வகுத்தார். அதைப் பயனுறு தொகை எனலாம். அது தலைக்கணக்கு அன்று. பத்து ஆணும் தொண்ணூறு பெண்ணும் சேர்ந்த நூறு விலங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையின் மரபணுவில் பாதி அந்தப் பத்து ஆண்களிடமிருந்தே வரவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நூறு, மரபணு வகையில் முப்பத்தாறுக்குச் சமம். தொகை ஏறி இறங்கினாலும் இதே கதைதான். ஒரு தலைமுறையில் ஆயிரம், அடுத்ததில் ஆயிரம், வறட்சி வந்த மூன்றாவதில் பத்து என்றால் சராசரி 670. மரபணுவின் கணக்கிலோ ஏறக்குறைய 29 தான். நல்ல காலத்தை மரபணு எளிதில் மறந்துவிடும், பஞ்சத்தை மறப்பதில்லை.

இந்தப் பயனுறு தொகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் இலக்கணத்தின் வினைத்தொகை நினைவுக்கு வருகிறது. 'ஊறுநீர்' என்கிறோம். ஊறிய நீரா, ஊறுகின்ற நீரா, ஊறும் நீரா? மூன்றும் அதில் அடங்கும். காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்பதால்தான் அதற்குத் தொகை என்று பெயர். விரித்தால் ஒழியப் பொருள் தெளியாது. மரபணு தரும் தொகையும் அப்படிக் காலத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் பன்மையிலிருந்து வருவித்த எண், பல்லாயிரம் தலைமுறைகளின் நீண்ட சராசரி, இறந்த காலத்துக்குரியது. ஒரே காலத்தில் எடுத்த மாதிரிகளில் பல மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிவரும் போக்கைப் பார்த்து வருவிக்கும் எண் ஓரிரு தலைமுறைக்கு முந்தைய பெற்றோரைப் பற்றியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. செய்தித்தாளில் வரும்போது இரண்டும் 'இத்தனை இருக்கின்றன' என்று நிகழ்காலத்தில் வந்து விழுகின்றன. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

இது வெறும் இலக்கணச் சண்டை அன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் தென்கிழக்கில், சுண்ணாம்புப் பாறைக் குகைகளின் நீரில் பார்வையற்ற நன்னீர் இறால்நண்டுகள் வாழ்கின்றன. குகைவாழ் உயிர்கள் எல்லாமே அருகிப் போனவை, மரபணு வளம் குன்றியவை, எப்படியோ தொத்திக்கொண்டு பிழைப்பவை என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. வட அமெரிக்கக் குகை உயிர்களில் 95 விழுக்காடு அழிவின் விளிம்பில் இருப்பதாகக் கருதப்பட்டது. ஜெனிஃபர் பூஹேயும் கீத் கிராண்டலும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. அவ்விறால்நண்டுகளின் மரபணுப் பன்மை மிதமாகவோ அதிகமாகவோ இருந்தது. தொகை எதிர்பாராத அளவு பெரிது. ஒரு குகைத் தொகுதிக்கும் மறு குகைத் தொகுதிக்கும் இடையே மரபணுப் போக்குவரத்து தாராளமாக நடந்திருந்தது. வெயிலில் ஓடும் ஓடைகளில் எங்கும் கிடைப்பவை என்று யாரும் கவலைப்படாத உறவினங்களில்தான் மரபணுப் பன்மை அண்மையில் கடுமையாகச் சரிந்திருந்தது.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். இருட்டில் இருப்பதெல்லாம் இரங்கத்தக்கது என்னும் நம் பழைய பழக்கத்தை அது கேள்வி கேட்டது. கண்ணில்லாத உயிரைக் கண்டதும் குறையுடையது என்று முடிவு கட்டுகிறோம். அது குறையா, அந்த இடத்துக்குரிய நிறைவா என்று கேட்பதில்லை. ஆனால் இதே எண்ணைச் சுரங்கம் தோண்ட வருகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். 'லட்சக்கணக்கில் இருக்கின்றன என்று அறிவியலே சொல்லிவிட்டது, பிறகென்ன' என்பார். இறந்த காலத்து எண் எதிர்காலத்துக்கு உத்தரவாதமாகிவிடும்.

அந்த உத்தரவாதம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஐரோப்பாவின் ஓல்ம் என்னும் குகை உயிர் காட்டுகிறது. அட்ரியாட்டிக் கடற்கரையை ஒட்டிய சுண்ணாம்பு மலைகளின் நிலத்தடி நீரில் வாழும் பார்வையற்ற நீர்ப்பல்லி அது. பருவமடைய பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வளர்ந்தபின் சராசரியாக அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்கிறது. ஹெர்செகோவினாவில் ஆய்வாளர்கள் அடையாளமிட்டுப் பின்தொடர்ந்ததில் ஒரு விலங்கு 2,569 நாள்கள் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படிப்பட்ட ஓர் உயிர் வாழும் நீரை இன்று உறிஞ்சி எடுத்தால், அதன் பன்மையில் அச்சரிவு தெளிவாகப் பதியப் பல தலைமுறை ஆகும்; அதாவது நூற்றாண்டுக்கு மேல். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியது இரண்டு மூன்று பத்தாண்டுகளுக்குள். ஓல்மின் கணக்கில் அது இரண்டு தலைமுறைக் காலம்கூட இல்லை. மரபணுப் பன்மை பத்திரமாய் இருக்கும்போதே கிணறு வற்றிப்போக முடியும்.

அப்படியானால் மரபணு அடையாளங்களால் பயனில்லையா? மிகுந்த பயனுண்டு, சரியான கேள்வியைக் கேட்க வேண்டும். 'எத்தனை' என்பதைவிட 'எது எதோடு சேர்ந்தது' என்னும் கேள்விக்கு மரபணு தெளிவாக விடை தருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில், சுண்ணக்கல் படுகைகள் தனித்தனித் தீவுகளாக மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றின் நீரில் பார்வையற்ற நீர்வண்டுகள் வாழ்கின்றன. 2002 முதல் வெளியான ஆய்வுகள், ஒவ்வொரு படுகையின் வண்டும் அநேகமாகத் தனி இனம் என்று காட்டின. நிலம் வறண்டபோது அவை ஒன்றையொன்று பிரிந்து, பல லட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியே வாழ்ந்து வருகின்றன. அங்கே ஒரு படுகையை வற்றச் செய்தால் ஓரினம் முழுதும் போய்விடும். பக்கத்துப் படுகையிலிருந்து மீட்டெடுக்க வழியில்லை. அமெரிக்க இறால்நண்டுகளுக்கோ நிலத்தடியில் வழி இருந்தது. ஆக, ஒரே ஊற்றா, தனித்தனிக் குடங்களா என்பதே முதற்கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துக்கு அனுமதி கேட்பவர்கள் நிலத்தடி நீர்வாழ் உயிர்களையும் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தென்காசிக்கு வருவோம். நாம் இருப்பது ஒரு வாயிலில். செங்கோட்டைக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் இடைவெளி. பாறையியலார் அச்சன்கோவில் மண்டலம் என்றழைக்கும் பழைய நிலப்பிளவு இப்பக்கமாகத்தான் போகிறது. மலையுச்சிப் பறவைகள் சிலவற்றின் மரபணுவை இந்தக் கணவாய் வடக்கு தெற்காகப் பிரித்திருக்கிறது என்று வி. வி. ராபின் முதலியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மேலே பறப்பவற்றின் கதை இது. கீழே ஊர்பவற்றுக்கு இக்கணவாய் வாசலா, சுவரா? 1956 நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அன்று முதல் நம்மோடு இருக்கிறது. நிலத்தடி நீர் அந்த எல்லைக்கோட்டை அறியாது. ஹோராக்ளானிஸ் பாப்புலி கிடைத்த பத்தனம்திட்டா மாவட்டம் நமக்கு மலையின் மறுபுறம்தான்.

மறுபுறத்து மீன் இங்கே இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அங்கே வீடு கட்ட வெட்டியெடுக்கிறார்களே, அந்தச் செம்புரைக் கல்லின் துளைகளில் ஊறும் நீர் அவற்றின் வீடு. நம் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலே உளுத்த அடுக்கிலும்தான் நீர் நிற்கிறது. இத்தகைய இடுக்குகளுக்கும் ஆற்று மணலுக்கும் ஏற்ற குடிகள் வேறு. ஆந்திரத்தின் கிருஷ்ணை, கோதாவரிக் கரைகளில் ஒய். ரங்கா ரெட்டியும் அவருடைய மாணவர்களும் மணலை அரித்தும் கிணற்று நீரை வடிகட்டியும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள கண்ணற்ற ஓட்டுடலிகளைப் புதுப்புது இனங்களாக விவரித்தார்கள். காசியின் கிணறுகளில் கிடைத்த ஓர் ஓட்டுடலியைச் சோப்ராவும் திவாரியும் 1950-இலேயே விவரித்து, அந்நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வடகாசியின் கிணற்றைப் பார்த்தாயிற்று. தென்காசியின் கிணற்றையும் ஒரு வடிதுணி போட்டுப் பார்க்கலாம் என்பது என் ஆசை.

அதற்குள் கிணறு இருக்க வேண்டுமே! ஆழ்துளைக் கிணறு போட்டதும் பழைய கிணறு முதலில் குப்பைக்குழியாகிறது. பின் மண்ணடித்து மூடப்படுகிறது. அதன்மேல் வண்டி நிறுத்தும் கொட்டகை எழுகிறது. மூடப்படும் ஒவ்வொரு கிணறும் நிலத்தடிக்கு நாம் வைத்திருந்த ஒரு சாளரம். ஆழ்துளைக் குழாய் நீரை மேலே கொண்டுவரும். ஆனால் ஒருவர் எட்டிப் பார்க்கவோ, இறங்கித் தூர் வாரவோ இடம் தராது. கேரளத்தின் 47 இடங்கள் தெரியவந்தது அங்கே வீட்டுக்கு வீடு திறந்த கிணறு இருப்பதால். சாரல் காலத்தில் அருவிகளில் கரையும் எண்ணெயும் சோப்பும் சிற்றாற்றின் மணலில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

மறுப்புகளை நான் அறியாமல் இல்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில் கண் தெரியாத புழு பூச்சிக்குக் கணக்கெடுப்பா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் தண்ணீரும் அவற்றின் தண்ணீரும் ஒன்றே. அவற்றின் மரபணு, எந்தக் கிணறு எந்தக் கிணற்றோடு காலங்காலமாகத் தொடர்புடையது என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடும். பாவூர்ச்சத்திரத்து உழவருக்கும் சுரண்டை உழவருக்கும் அது உதவாத செய்தியா? திறந்த கிணறு குழந்தைகளுக்கு ஆபத்து என்பார்கள். உண்மை. அதற்கு இரும்பு வலையும் கைப்பிடிச் சுவரும் போதும், மண்ணடிக்க வேண்டியதில்லை.

நிகழ்காலத்து எண் வேண்டுமென்றால் அதற்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. பிடித்த மீன்களுக்குள்ளேயே பெற்றோர் யார், பிள்ளை யார் என்று மரபணுவால் இணை தேடுவது அது. தாயின் அடையாளம் பிள்ளை. ஒரே மீனை இருமுறை பிடிக்கத் தேவையில்லை. தென்கடல் நீலத்துடுப்புச் சூரை மீன்களில் ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒப்பிட்டு, 45 பெற்றோர்-பிள்ளை இணைகளைக் கண்டு, வளர்ந்த மீன்கள் ஏறக்குறைய இருபது லட்சம் என்று 2016-இல் கணித்தார்கள். நிலத்தடிக்கு இது பொருந்துமானால் வினைத்தொகைக்குக் காலம் கிடைத்துவிடும். ஆனால் மாதிரிகள் வேண்டும். ஆறாண்டுக் கடும் உழைப்புக்குக் கேரளத்தில் கிடைத்த புதிய வரிசைகள் அறுபத்தைந்து. ஆய்வகம் எவ்வளவு நுட்பமானாலும், கிணற்றடியில் நிற்பவர் தகவல் சொன்னால்தான் வேலை நடக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். அப்பதிவேட்டில் கிணற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். எப்போது வெட்டியது, எத்தனை முழத்தில் ஊற்றுக் கண்டது, எந்தக் கோடையில் வற்றியது, தூர் வாரியபோது என்ன உயிர் வந்தது என்று எழுதி வைப்போம். நிலத்தடியைத் தம் கண்ணால் பார்த்தவர்களான கிணறு வெட்டும் முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய விலங்கியல் மாணவர்களோடு தமிழ் மாணவர்களும் போகலாம். கூவல், கேணி, துரவு, ஊருணி என்று நீர்நிலைக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் மொழியின் மாணவர்களுக்கு அது அயல் வேலையன்று. வெளிறிய, கண்ணில்லாத ஏதேனும் ஒன்று வாளியில் வந்தால் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து, அதே நீரில் விட்டுவிடுங்கள். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைக்கு ஒரு சொல் சொல்லுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து 'இத்தனை இருக்கின்றன' என்று ஓர் எண்ணைக் காட்டினால், அது எந்தக் காலத்து எண் என்று கேட்கும் துணிவு அப்போது நமக்கு இருக்கும்.